விரித்ததை எடுக்க நிற்காதீர்கள்

நிலையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கருவிகளைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை. நான் பழகிய கருவிகளெல்லாம் பழைய சாமான் அறைக்குப் போய்விட்டன. உங்கள் மேசையில் இருப்பவற்றை எனக்கு இயக்கத் தெரியாது. அதனால் புஷ்பத்தைப் பற்றி எழுதுகிறேன்.

நம் வேலை என்ன என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். கடல் எப்படி இருக்கும் என்ற முன்னறிவிப்பு மேலேயிருந்து வரும். அதை நம் கரைக்காரர்களுக்குப் புரிகிற தமிழில் எழுதி, குரலில் பதிந்து, கோயில் ஒலிபெருக்கிகளுக்கும் செல்பேசிகளுக்கும் அனுப்ப வேண்டும். என் காலத்தில் எழுதுவது எங்கள் பொறுப்பு அலுவலர். நாங்கள் மேடம் என்று கூப்பிடுவோம். களியக்காவிளைப் பக்கத்து ரப்பர் தோட்டக் குடும்பத்தில் பிறந்தவர். கல்லூரிக்கு வரும்வரை கடலைப் பத்துத் தடவைகூடப் பார்த்ததில்லை என்று அவரே சொல்லுவார். அவர் எழுதியதை வாசிப்பது நான். கணீரென்ற குரல் என்பதால் அந்த வேலை எனக்கு வந்தது. நம் கரை முழுக்க என் முகம் யாருக்கும் தெரியாது, குரல் எல்லோருக்கும் தெரியும்.

கள்ளக்கடல் என்று நம்மவர்கள் சொல்வது உங்களுக்கு இதற்குள் பழகியிருக்கும். தெற்கே வெகு தொலைவில், நமக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கடலில் புயல் அடிக்கும். அங்கே கிளம்பிய அலை நாட்கணக்கில் நகர்ந்து நம் கரைக்கு வந்து சேரும். அது வரும் நேரத்தில் இங்கே வானம் துடைத்து வைத்ததுபோல் இருக்கும். காற்றும் இருக்காது. புயலென்றால் மேகத்தைக் காட்டிச் சொல்லலாம். கள்ளக்கடலுக்குக் காட்ட ஒன்றும் கிடையாது. நம் வார்த்தை மட்டும்தான்.

அது ஒரு சித்திரை மாதம். முன்னறிவிப்பு சரியாக வந்தது. நாங்களும் தாமதிக்கவில்லை. நிலையம் தொடங்கிய காலத்திலிருந்தே ஒரு வாசகம் இருந்தது. யார் எழுதியதென்று தெரியாது. எல்லாக் கடல் சீற்றத்துக்கும் அதையே அனுப்புவோம். மீனவர்கள் வள்ளங்களில் கடலுக்குச் செல்ல வேண்டாம், கரையில் கிடக்கும் வள்ளங்களை மேட்டில் ஏற்றி வைக்கவும் என்பதுதான் அது. அன்றும் அதையே வாசித்தேன். நம் எல்லைக்குள் ஒரு வள்ளம்கூடக் கடலில் இறங்கவில்லை. ஒவ்வொரு கரையாகப் போன் செய்து கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டோம். பிற்பகலில் அலை வந்து, ஏற்றி வைத்த வள்ளங்களின் அடிவரை நனைத்துவிட்டுப் போனது. மேடம் எல்லோருக்கும் டீ வாங்கி வரச் சொன்னார். அந்த டீ கையில் இருக்கும்போதுதான் மேற்குக் கரையிலிருந்து போன் வந்தது.

செத்துப்போனவர் பெயர் சூசை. அவருக்கு வள்ளம் கிடையாது. கரைக்குப் பக்கத்துப் பாறைகளில் ஒட்டியிருக்கும் சிப்பியை மூழ்கிப் பெயர்த்தெடுத்து விற்பவர். அன்று காலையில் எங்கள் செய்தியைக் கேட்டுவிட்டு, தெருவில் இருந்த எல்லா வள்ளங்களையும் மேட்டில் ஏற்றத் தோள் கொடுத்திருக்கிறார். வேலை முடிந்ததும் வலைப்பையை எடுத்துக்கொண்டு பாறைக்கு நீந்திப் போயிருக்கிறார். கடல் குளம்போல் கிடந்திருக்கிறது. அவர் கணக்கில் அது கடலுக்குப் போவதில்லை. பாறை கரையைச் சேர்ந்தது. அலை எழும்பியபோது அவர் தண்ணீருக்கடியில் இருந்தார்.

அடக்கம் முடிந்த பிறகு மேடம் அந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. போகாமல் இருப்பதே நல்லது என்று தலைமை அலுவலகத்தில் சொன்னார்கள். நான் உடன் போனேன். ஓட்டு வீடு. சுவரில் மாதா படம், அதன் கீழே அணைந்த மெழுகுதிரி. சூசையின் மனைவி புஷ்பம் பாயில் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் படிக்கும் மகள் அவள் தோளில் சாய்ந்திருந்தாள். மேடம்தான் பேசினார், மெதுவாக, தயங்கித் தயங்கி. நான் வாயைத் திறக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் தண்ணீர் கொண்டுவந்து நீட்டியபோது, வேண்டாம் அம்மா என்று மட்டும் சொன்னேன். அந்தச் சிறுமி சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“அம்மா, மைக்குல பேசுத சாரு” என்றாள்.

புஷ்பமும் என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“சேதி நல்லாத்தான் கேட்டுது சாரே. அவரும் கேட்டாரு. வள்ளத்துல போவாண்டாம்னு சொன்னிய. அவரு வள்ளத்துல போவல்ல.”

நாங்கள் எழுந்து வாசலுக்கு வந்ததும் அவள் பின்னாலேயே வந்தாள். ஒரே ஒரு காரியம் கேட்டாள். இந்தச் சாருடைய சத்தம் இனி எங்கள் கரையில் கேட்க வேண்டாம், என் மகள் உறங்க மாட்டாள் என்றாள். மேடம் என்னைத் திரும்பிப் பார்க்காமலே சரி என்றார்.

ஜீப்பில் திரும்பும்போது நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன், அது பழைய வாசகம், நாம் எழுதியதில்லை என்று. மேடம் கையை உயர்த்தி நிறுத்தினார். ஒரு கல்யாணக் கூட்டத்துப் பஸ் மேளச்சத்தத்தோடு எங்களை முந்திச் சென்றது. அது போய் மறைந்த பிறகு, இனி அந்த வாசகம் வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

வாசகத்தை மாற்ற ஒரு குழுவின் ஒப்புதல் வேண்டும் என்று தலைமை அலுவலகத்தில் கேட்டார்கள். குழு கூடும்போது கூடட்டும், அதுவரை நான் எழுதுவதுதான் போகும், அதற்கு நானே பதில் சொல்லுகிறேன் என்றார் மேடம். அதன்பின் ஒவ்வொரு எச்சரிக்கையையும் புதிதாகவே எழுதினார். சிப்பி எடுப்பவர்கள், பாறையில் தூண்டில் போடுபவர்கள், கருவாடு காயப்போடும் பெண்கள், கன்னியாகுமரி பார்க்க வந்து அலையில் கால் நனைப்பவர்கள் என்று ஒவ்வொருவரையும் அழைத்து, என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் எச்சரிக்கைகள். எழுதி முடித்ததும் என்னிடம் தந்து ஒரே கேள்வி கேட்பார். இதைக் கேட்கிற ஆள் அடுத்து எந்தப் பக்கம் நடப்பார்? எனக்குப் பதில் தெரியவில்லையென்றால் அந்த வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதுவார்.

புஷ்பத்தின் கரைக்கு மட்டும் ஷீபா வாசித்தாள். அதே ஊரில் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த இளம்பெண். மற்ற கரைகளுக்கு நான் வாசித்ததையே அவளுக்குப் போனில் வாசித்துக் காட்டுவேன். அவள் தன் குரலில் பதிந்து கோயில் ஒலிபெருக்கிக்குக் கொடுப்பாள். அப்படியே சில வருடங்கள் போயின. புஷ்பம் நெத்தோலி மீன் வாங்கிக் கடற்கரை மணலில் விரித்துக் காயவைத்து விற்கத் தொடங்கியிருக்கிறாள் என்று ஷீபாதான் சொன்னாள். எங்கள் செய்தி வந்தால் முதலில் எழுந்து போகிறவள் புஷ்பம்தான் என்றும் சொன்னாள். அதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்று அதை நினைத்தால் வேறு மாதிரி இருக்கிறது.

இடையில் ஒரு சம்பவம். கடலோர ஏழை நாடுகள் சிலவற்றிலிருந்து பயிற்சிக்காக ஒரு குழு நம் நிலையத்துக்கு வந்தது. எத்தனை கிராமங்களுக்குச் செய்தி போகிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது என்று மேடம் விளக்கினார். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வந்த ஒரு பெண் மட்டும் எதையும் எழுதவில்லை. எங்கள் ஊரிலும் இப்போது செய்தி வருகிறது, ஆனால் செய்தியைக் கேட்டவர்கள் தங்கள் பொருளை எங்கே கொண்டுபோய் வைப்பார்கள், அதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். மேடம், இன்னும் ஒன்றும் செய்யவில்லை என்றார். அந்தப் பெண், நாங்களும்தான் என்றாள்.

இரண்டாவது கள்ளக்கடல் வந்ததும் ஒரு கோடைக் காலையில்தான். வானம் தெளிவு, வெயில் சுள்ளென்று இருந்தது, கருவாடு காய்வதற்கு அதைவிட நல்ல நாள் கிடையாது. முன்னறிவிப்பில் அலை வருவது உறுதி, உயரமும் தெரிந்தது. வரும் நேரம் மட்டும் பிடிபடவில்லை. ஷீபாவுக்குப் போன் போட்டேன். அவள் எடுக்கவில்லை. மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அலைந்துகொண்டிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. வேறு ஆள் தேட நேரமில்லை. நான்தான் வாசித்தாக வேண்டும் என்பதில் மேடத்துக்கும் எனக்கும் சந்தேகம் இல்லை. சந்தேகம் வேறொன்றில் வந்தது.

கரை நெடுக நெத்தோலி விரித்துக் கிடக்கும். அதை அள்ளிக்கொண்டு போங்கள் என்று சொல்லலாமா, அப்படியே போட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்ல வேண்டுமா? அள்ளலாம் என்று சொன்னால், அதிகம் விரித்தவள்தான் கடைசியாகக் கிளம்புவாள். போட்டுவிட்டுப் போகச் சொன்னால், அலை சாவகாசமாக வந்தால், பத்திரமாக எடுத்திருக்கக்கூடிய பொருளை நாமே கடலுக்குக் கொடுத்தது போலாகும். மேடம் என்னிடம் நேரம் உறுதியாகத் தெரியுமா என்று கேட்டார். உச்சிக்கு முன்னால் வந்தாலும் வரும், சாயங்காலம் ஆனாலும் ஆகும் என்றேன். அவர் ஜன்னலுக்கு வெளியே அந்த வெயிலைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

“அப்ப நிக்காண்டாம்னு சொல்லுங்க.”

மற்ற கரைகளுக்கு எழுதியதை அப்படியே வாசித்தேன். அந்தக் கரைக்கு மட்டும் எழுதாத இரண்டு வரிகளை முன்னால் சேர்த்தேன். இந்தக் குரலைக் கேட்க விருப்பமில்லாதவர்கள் அங்கே இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும், இன்று வாசிக்க வேறு ஆள் இல்லை, பொறுத்துக்கொண்டு கேளுங்கள் என்றேன். பிறகு விஷயத்துக்கு வந்தேன். எல்லோரும் கரையை விட்டு மேட்டுக்குப் போங்கள். விரித்ததை எடுக்க நிற்காதீர்கள்.

புஷ்பம் எழுந்தாள். அவள் எழுந்ததைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்களும் எழுந்தார்கள். எல்லோரும் மேட்டில் போய் உட்கார்ந்து கடலைப் பார்த்திருக்கிறார்கள். கடல் அசையவில்லை. உச்சி வெயில் தாண்டியது. பெண்கள் ஒருவர் ஒருவராக இறங்கிப் போய்த் தங்கள் நெத்தோலியை வாரிக்கொண்டு வந்தார்கள். புஷ்பத்தையும் கூப்பிட்டிருக்கிறார்கள். அவளுக்காகத் தாங்கள் அள்ளிக்கொண்டு வருகிறோம் என்றும் சிலர் சொல்லியிருக்கிறார்கள். எனக்காக யாரும் இறங்க வேண்டாம் என்று அவள் தடுத்துவிட்டாள். மற்றவர்கள் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு மூச்சு வாங்கி உட்கார்ந்த பிறகு, மாலையில், அலை வந்தது. கரையில் மிச்சம் இருந்தது அவளுடையது மட்டும்தான். அதை எடுத்துக்கொண்டு போனது.

ஒரு உயிர்கூடப் போகவில்லை. நிலையத்தின் அறிக்கையில் அது வெற்றி என்றே எழுதப்பட்டது. அதில் பொய்யும் இல்லை.

மறுநாள் மேடமும் நானும் மறுபடி அந்த வீட்டுக்குப் போனோம். சுவரில் மாதா படத்துக்குப் பக்கத்தில் இப்போது சூசையின் படமும் இருந்தது. புஷ்பம் எங்களை உட்காரச் சொன்னாள், இந்த முறை தேநீர் தந்தாள். மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிப்பதாகச் சொன்னாள். நேற்று உங்கள் சத்தம் கேட்டது, பரவாயில்லை என்றாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

“அள்ள நேரம் கெடந்துதுல்ல சாரே?”

கிடந்தது, ஆனால் எங்களுக்கு அது தெரியாது என்றேன். எனக்கும் தெரியாது, அதனால்தான் போனேன் என்றாள். உங்களைத் தப்புச் சொல்லவில்லை சாரே, இறங்கிப் போனவர்கள் போகும்போது அலை வந்திருந்தால் இன்று நீங்கள் எத்தனை வீட்டுக்குப் போக வேண்டியிருந்திருக்கும் என்றும் சொன்னாள். அவள் எங்களுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள். மேடத்தால் அதைத் தாங்க முடியவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். அப்போதுதான் புஷ்பம், குத்திக்காட்டும் தொனி துளியும் இல்லாமல், வழி கேட்பவளைப் போலக் கேட்டாள்.

“உயிரு இருக்கு சாரே. இனி அத வச்சிட்டு என்ன செய்யணும்னு ஒரு சேதி வருமா?”

என் பணிக்காலம் முழுவதிலும் யாரும் என்னிடம் அதைவிட நியாயமான கேள்வி கேட்டதில்லை.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இந்த இடத்தில்தான் இருக்கிறது. நாம் அனுப்பும் ஒவ்வொரு எச்சரிக்கையும் எங்கோ ஒரு வீட்டில் ஒரு நாள் அடுப்பை அணைக்கிறது. சேமிப்பு உள்ள வீட்டில் மறுநாள் அது மறுபடி எரியும். இல்லாத வீட்டில் எரியாது. அதற்காக எச்சரிக்காமல் இருக்க முடியாது. அன்று நாங்கள் சொன்னது சரி. அதே நிலைமை நாளை வந்தால் நீங்களும் அதையே சொல்லத்தான் வேண்டும். ஆனால் சொல்லிவிட்டதால் வேலை முடிந்தது என்று நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்துவிடாதீர்கள். நம் பேச்சைக் கேட்டவள் இழந்தாள், கேட்காதவர்கள் காப்பாற்றிக்கொண்டார்கள். அடுத்த முறை நாம் கூப்பிடும்போது அந்தக் கரையில் எத்தனை பேர் எழுந்திருப்பார்கள் என்று மேடம் என்னிடம் கேட்டார்.

அதன்பிறகு மேடம் ஒரே காரியத்தைப் பிடித்துக்கொண்டார். கரைக்கு மேலே, அலை எட்டாத மேட்டில், கருவாடு காயவைக்கத் தளமும் எடுத்து வைக்க ஒரு கொட்டகையும் வேண்டும். முதலிலேயே மேட்டில் விரித்தால், அலை எப்போது வந்தாலும் யாரும் எதையும் அள்ள வேண்டியதில்லை. கேட்காத இடமில்லை. எல்லா இடத்திலும் மரியாதையாக உட்காரவைத்துப் பேசினார்கள். அது எங்கள் துறையில்லை என்றார்கள். இன்னொரு கருவி வேண்டுமென்றால் ஏற்பாடு செய்யலாம் என்றார்கள். அலையை அளக்கத் தருகிறார்கள், அலைக்குத் தப்பியவளுக்குத் தர யாரும் இல்லை என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். அவர் கசந்து பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

அலைந்ததிலோ, மனம் உடைந்ததிலோ, அவர் உடம்பு கெட்டது. விடுப்பில் போனவர் பணிக்குத் திரும்பவில்லை. அவரைக் கடைசியாகப் பார்க்கப் போனபோது, வீட்டைச் சுற்றி ரப்பர் மரங்களில் மழை பெய்துகொண்டிருந்தது. தளம் என்னாயிற்று என்று கேட்டார். வந்துவிடும் என்று சொன்னேன். அவர் இறந்து வெகுநாள் கழித்து அது உண்மையாகவே வந்தது. சிமெண்டுத் தளம், தகரக் கொட்டகை, சுற்றிலும் கம்பி வேலி. திறப்பு விழாவில் நிறையப் பேர் பேசினார்கள். அவர் பெயரை யாரும் சொல்லவில்லை. அங்கே வந்திருந்தவர்களில் பலருக்கு அந்தப் பெயரே தெரியாது. நான் கூட்டத்தில் புஷ்பத்தைத் தேடினேன். வீடு பூட்டிக் கிடக்கிறது, அவள் மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் இறால் உரிக்கும் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டாள் என்று ஷீபா சொன்னாள்.

பணி ஓய்வுக்குப் பிறகு ஒருமுறை களியக்காவிளை பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவரிடம் திருவனந்தபுரம் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டேன். எனக்கு முன்னால் முதுகு காட்டி நின்ற பெண்கள் கூட்டத்திலிருந்து ஒருத்தி திரும்பினாள். புஷ்பம். தலை பாதி நரைத்திருந்தது. கையில் சாப்பாட்டுப் பை.

“சத்தம் கேட்டதும் மனசிலாச்சு சாரே” என்றாள்.

மகள் நர்சிங் படித்து முடித்துவிட்டதாகச் சொன்னாள். மேடத்தை விசாரித்தாள். அவர் இறந்ததை நான் சொன்னதும் சிலுவை போட்டுக்கொண்டாள். அந்த அம்மாவுக்கு என்னைப் பார்க்கும்போதெல்லாம் கண் நிறையும், நான் பார்க்காதது போல இருந்துகொள்வேன் என்றாள். மேட்டில் தளம் வந்துவிட்டதை அவளிடம் சொன்னேன். ஆமாம், சொன்னார்கள், நல்ல காரியம், இருக்கிறவர்களுக்கு ஆகும் என்றாள். திரும்பி வரும் எண்ணம் உண்டா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் சிரித்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

அந்தக் கம்பெனி கடல் பக்கமா, எச்சரிக்கையெல்லாம் வருமா என்று கேட்டேன். எத்தனை வருடம் பார்த்த வேலை, வாயில் அதுதான் வந்தது.

“கடலு பக்கந்தான் சாரே. ஆனா நாங்க வேல செய்யுத எடத்துல ஜன்னலு கெடையாது. எறாலு கெட்டுப்போவும்னு அடச்சி வச்சிருக்கு. மழ பெஞ்சாலும் வெயிலடிச்சாலும் நாங்க அறியமாட்டோம்.”

அவள் பஸ் வந்தது. மற்ற பெண்கள் முண்டியடித்து ஏறினார்கள். அவள் கடைசியாக ஏறினாள். உட்கார இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவாறே போனாள்.